சிகாகோ சுவரில் ஒரு சுவிட்ச்

அத்தியாயம் 3

செல்லியம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து மேஜைமேல் வைத்த பொருளைப் பார்த்ததும் அருள்மேரி நாற்காலியோடு ஓர் அடி பின்னால் போனாள்.

கறுப்பு நிறம். மூன்று பல். பின்னால் ஒரு முழத்துக்கு வால்.

"பயப்படாதம்மா, கடிக்காது. பிளக்கு."

"அது தெரியுதுங்க. மிச்ச ஒடம்பு எங்க?"

"கிரைண்டரு வூட்ல கீது. பள்ளிக்கரணைலருந்து பஸ்ல அத்தத் தூக்கினு வர முடியுமா? அதான் அருவாமனைல வயரை அறுத்து இத்த மட்டும் கொண்டாந்தேன்."

அருள்மேரிக்கு இதெல்லாம் பழக்கம்தான். மேற்குத் தாம்பரம் ரயிலடிக்கு எதிரே, மருந்துக் கடை மாடியில், 'தட்சிணாமூர்த்தி துப்பறியும் நிலையம், சகல விசாரணைகளும்' என்று போர்டு தொங்கியது. விசாரணை என்ற சொல்லைப் பார்த்துவிட்டு மாடியேறுகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் அடுத்த செங்கல்பட்டு வண்டி எப்போது என்றுதான் கேட்பார்கள். இங்கே உதவியாளராகச் சேர்ந்த மூன்று வருஷத்தில் அவள் பிடித்த திருடர்கள் இரண்டு பேர். மனப்பாடம் செய்த வண்டிகள் நாற்பத்தெட்டு. ஆனால் பிளக்கை அறுத்துக்கொண்டு வந்தவர் இந்த அம்மாள்தான் முதல்.

"சார், ஒரே கேள்வி. இந்த பிளக்கு அமெரிக்காவுல போவுமா, போவாதா?"

தட்சிணாமூர்த்தி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பிளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். துப்பறிய வருவதற்கு முன்னால் இருபத்திரண்டு வருஷம் மின்வாரியத்தில் மீட்டர் கணக்கெடுத்த மனிதர். போன வீடுகளில் எல்லாம் மீட்டரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கவனித்ததுதான் அவரை இந்தத் தொழிலில் கொண்டு வந்து விட்டது.

"அமெரிக்காவுக்கு யார் போறாங்கம்மா?"

"எம் பொண்ணு காந்திமதி. தை மாசம் கல்யாணம். மாப்பிள்ளை ராஜகோபால், பொழிச்சலூர்க்காரங்க. ரெண்டு வருசமா சிகாகோவுல கீறாரு. சீர்ல கிரைண்டரு வெக்கிறோம். வெச்சா அது அங்க ஓடணுமில்ல? எங்கக்கா பொண்ணுக்குச் சீர் குடுத்த ஃபேன் ஓடலன்னு பதினாறு வருசமா அவ மாமியா சொல்லிக் காட்டினு கீறா சார். மனுசன் செத்தாகூட மூணாம் வருசம் மறந்துடுவாங்க. சீரு ஓடலன்னா மறக்க மாட்டாங்க."

"எலெக்ட்ரிக் கடையில கேட்டிருக்கலாமே?" என்றாள் அருள்மேரி.

"கேக்காமயா? மேடவாக்கத்துக் கடைக்காரன், அங்கல்லாம் தட்டைக் கம்பி, இது போவாதுன்னான். பக்கத்து வூட்டு வாத்தியாரு, அதுக்குமேல அடாப்டர்னு இன்னொண்ணு மாட்டணும்னாரு. சரின்னு பர்மா பஜாருக்குப் போனா, ஒருத்தன் ஒரு கூடையைக் கவுத்துக் காட்டறான். சதுரக் கம்பி, தட்டைக் கம்பி, சாஞ்ச கம்பி, ரெண்டு, மூணு. இது எந்த நாடுப்பான்னா, 'உனக்கு எந்த நாடும்மா வேணும்'ன்றான். எனக்குத் தலை சுத்திப் போச்சு. கடைசியா மாப்பிள்ளைக்கே லெட்டர் எழுதிட்டேன்."

"பதில் வந்ததா?"

"மூணாம் நாளே வந்துட்ச்சு! அவங்க அண்ணன் லோகநாதன், பெரியவரு, அவராண்ட குடுத்தா யாரோ சிநேகிதர் மூலமா போவும், வரும். ஸ்டாம்பு கூட ஒட்ட வேணாம்."

தட்சிணாமூர்த்தியின் இடது புருவம் ஏறியது. "அமெரிக்காவுக்குப் போய்த் திரும்பி வர மூணு நாள்?"

"இதுல என்ன சார் அதிசயம்? கனடாவுலருந்து எங்க சவுரிமுத்து அண்ணன் லெட்டரு ரெண்டே நாள்ல வருது," என்றாள் அருள்மேரி பெருமையாக.

அவர் அவளை ஒரு விநாடி பார்த்தார். செல்லியம்மாள் நீட்டிய கடிதத்தைப் பிரித்து வாசித்தார். '...அடாப்டர் எதுவும் வேண்டாம். என் அறைச் சுவரில் உருண்டையாக மூன்று ஓட்டைகள் இருக்கின்றன. நம் ஊர் பிளக் அப்படியே போகும். நேரில் பார்த்துதான் எழுதுகிறேன்...'

"இப்ப யாரு சொல்றது நெசம்? கடைக்காரனா, மாப்பிள்ளையா? காந்திமதிதான், தாம்பரத்துல ஈபி சார் ஒருத்தர் கீறாரு, அவராண்ட கேளு, இந்த போட்டோவையும் காட்டுன்னு குடுத்தனுப்புச்சு."

போட்டோவில் மாப்பிள்ளை ஒரு சோபாவின் கையைப் பிடித்தபடி நின்றான். மெரூன் நிற ஸ்வெட்டர். பின்னால் ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே கொட்டோ கொட்டென்று பனி. அவன் முழங்கைக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு பிளக் பாயிண்ட்.

"மேரி, இதுல என்ன தப்பு?"

"மாப்பிள்ளை சிரிக்கல சார். கல்யாணத்துக்கு முன்னாடியே இப்படின்னா..."

"சுவரைப் பார்."

"பெயின்ட் நல்லா கீது."

"பிளக் பாயிண்ட் பக்கத்துல?"

"சுவிட்சு."

"அதான் தப்பு. அமெரிக்காவுல பிளக் பாயிண்ட்டுக்குப் பக்கத்துல சுவிட்ச் வைக்கிற வழக்கம் கிடையாது. சுவர்ல ஓட்டை மட்டும்தான். குத்தினா கரண்ட், பிடுங்கினா இல்ல. ஓட்டையும் தட்டை ஓட்டை. அதுவும் அங்க நூத்திப்பத்து வோல்ட். நம்ம கிரைண்டரை அதுல போட்டா மாவு அரைக்காது, முனகும்."

செல்லியம்மாளுக்கு வோல்ட் முக்கியமாகப் படவில்லை. "அப்போ அடாப்டரு வாங்கணுமா, வேணாமா?"

அவர் இழுப்பறையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். சுவிட்ச் பெட்டியின்மேல் கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தார். பிறகு மெதுவாக, "ஆயுத பூஜை முடிஞ்சு மூணு வாரம் ஆகுதில்ல?" என்றார்.

அருள்மேரி எட்டிப் பார்த்தாள். சுவிட்சுக்குமேல் மஞ்சளாகச் சந்தனம் ஓர் இழுப்பு. நடுவில் குங்குமப் பொட்டு.

"பக்தியுள்ள புள்ள சார்!" செல்லியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அவ்ளோ தூரம் போயும் மறக்கல பாருங்க!"

"அம்மா, வீட்டுல கிரைண்டருக்கு வைப்பாங்க, தையல் மெஷினுக்கு வைப்பாங்க. சுவிட்ச் போர்டைத் தேடிப் போய்ப் பொட்டு வைக்கிறது தொழில் நடக்கிற இடத்துல. இது வீடு இல்ல, ஏதோ கடை. இருக்கிறது சிகாகோவும் இல்ல. இந்தச் சுவர் நம்ம பக்கத்துச் சுவர்."

அந்த அம்மாள் போட்டோவையும் அவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த சீர், மாமியார், கிரைண்டர் எல்லாம் ஒவ்வொன்றாக இறங்கிப் போவதை அருள்மேரி கண்ணால் பார்த்தாள்.

"சார்... மணி இன்னா?"

"ஒண்ணே முக்கால்."

"ஐயோ! காந்திமதி இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள வேலையை ராஜினாமா பண்றா சார்! இங்க தாம்பரத்துலயே கவர்மெண்டு ஆபீஸ்ல டைப்பிஸ்டு, பர்மனென்ட்டு. மூணு வாட்டி பரீட்சை எழுதி வாங்கின வேலை. அமெரிக்கா போறவளுக்கு எதுக்குடி வேலைன்னு நான்தான் பத்து நாளா கரைச்சல் குடுத்து, காலைல கவரைக் கையில திணிச்சு அனுப்பினேன்."

"உடனே போய்த் தடுங்க," என்றாள் அருள்மேரி.

"எதைச் சொல்லித் தடுக்கறது? சுவிட்சுல பொட்டு கீதுன்னா? நாளைக்கே அந்தப் புள்ள நெஜமாவே அமெரிக்கால இருந்து வந்து நின்னா, கல்யாணத்தக் கெடுத்த பாவி நான்தான?" செல்லியம்மாள் குரல் உடைந்தது. "நெசம் தெரியணும் சார். அஞ்சு மணிக்குள்ள தெரியணும்."

நல்ல கேள்வி, நல்ல கெடு. ஆனால் எந்தக் கடை? தாம்பரத்திலிருந்து பரங்கிமலை வரை சுவரும் சுவிட்சும் பொட்டும் இல்லாத கடை எது? தட்சிணாமூர்த்தி போட்டோவின் பின்பக்கத்தைத் திருப்பினார். ஸ்டூடியோ முத்திரை இருந்திருக்க வேண்டிய இடத்தை யாரோ பிளேடால் சுரண்டியிருந்தார்கள்.

"ஏதாவது ஜோக் சொல்லேன் மேரி. நீ பேசாம இருந்தா எனக்கு மூளை ஓடாது."

பூதக்கண்ணாடி இப்போது அருள்மேரி கையில் இருந்தது. மாப்பிள்ளையின் ஸ்வெட்டரில் ஆறு பொத்தான்கள். ஐந்து வெள்ளை. மேலிருந்து மூன்றாவது மட்டும் பழுப்பு.

"சார், அந்த மூணாவது பட்டனைத் தெச்சது நான்."

"என்ன?"

"வெள்ளை பட்டன் கெடைக்கல. எங்கப்பாவோட பழைய கோட்டுலருந்து பிச்சுத் தெச்சேன். எங்கண்ணன் கனடா போறப்ப எங்கம்மா வாங்கிக் குடுத்த ஸ்வெட்டர் சார் இது." அவள் போட்டோவை இன்னும் கிட்டே கொண்டுபோனாள். "ஒருவேளை சிகாகோவும் கனடாவும் பக்கத்துப் பக்கத்துல இருக்குமோ? குளிருக்கு இரவல் குடுத்திருப்பானோ?"

தட்சிணாமூர்த்தி அவளைக் கேலி செய்யவில்லை. அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது.

அருள்மேரியின் வீடு முடிச்சூர் ரோட்டில், நடந்து ஐந்து நிமிஷம். மூவரும் போனார்கள். கூடத்தில் வேளாங்கண்ணி மாதா படத்துக்குப் பக்கத்திலேயே சவுரிமுத்துவின் கனடா போட்டோவுக்கும் ஓர் இடம். அதே ஸ்வெட்டர், அதே பனி. தினம் சாயங்காலம் அம்மா இரண்டுக்கும் சேர்த்து ஒரே மெழுகுவர்த்தி ஏற்றி, பிள்ளைக்குக் குளிர் தாக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்வாள். நல்ல வேளையாக அந்த நேரம் அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள்.

அருள்மேரி சட்டத்தைக் கழற்றி, பின்னால் இருந்த ஆணிகளைப் பிடுங்கி, அட்டையை உருவினாள். போட்டோ வந்த அன்றே கண்ணாடிக்குள் போய்விட்டதால் அதன் முதுகை இதுவரை யாரும் பார்த்ததில்லை. சவுரிமுத்து சின்ன வயதிலிருந்தே பாதி வேலை செய்கிறவன். பிளேடு பிடிக்க மறந்திருந்தான்.

ஊதா மையில் பளிச்சென்று முத்திரை. 'பனிமலர் போட்டோ ஸ்டூடியோ, குரோம்பேட்டை.'

"கனடாவுக்குப் போற வண்டி ரெண்டு பத்துக்கு சார்," என்றாள் அருள்மேரி. சிரிப்பாகச் சொல்ல நினைத்தாள். வரவில்லை.

தாம்பரத்துக்கும் குரோம்பேட்டைக்கும் நடுவில் சானடோரியம் ஒன்றுதான். இரண்டு வருஷமாக அம்மா அனுப்பிய ஜெபமெல்லாம் அட்லாண்டிக் கடலைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்க, மகன் இரண்டாவது ஸ்டேஷனில் இருந்திருக்கிறான்! அருள்மேரிக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்தன. பக்கத்தில் செல்லியம்மாள் பிளக்கை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

பனிமலர் ஸ்டூடியோ ஒரு சைக்கிள் கடைக்கும் மாவு மில்லுக்கும் இடையில் இருந்தது. வாசலில் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி ஒருவர் நாற்காலி போட்டு முறுக்கு தின்றுகொண்டிருந்தார். முதலாளி ரத்தினபாய்.

"வாங்க. எந்த நாடு?"

"நாடா?" என்றார் தட்சிணாமூர்த்தி.

"அமெரிக்கா, கனடா, லண்டன் எல்லாத்துக்கும் ஒரே பனி. துபாய், மஸ்கட்னா மணல். சிங்கப்பூருக்கு இன்னும் கட்டடம் வரைஞ்சு முடியல, அடுத்த வாரம் வாங்க. ஸ்வெட்டர் நம்மகிட்டயே இருக்கு."

"இப்படி ஏமாத்தலாமாம்மா?"

"நான் யாரை ஏமாத்தினேன்? ஊட்டி படுதா முன்னாடி நிக்க வெச்சு எடுத்தா ஊட்டியா ஆயிடுதா? நான் போட்டோ எடுக்குறேன். அது எந்த ஊர்னு நான் எழுதறதில்ல. எழுதறவங்க எழுதிக்கறாங்க."

சட்டப்படி இதற்கு என்ன பதில் என்று தட்சிணாமூர்த்தி யோசித்துக்கொண்டிருந்தபோதே செல்லியம்மாள் உள்ளே போய்விட்டாள். அங்கே அந்த சோபா. அந்த ஜன்னல். பனிக்கு நடுவே ஒரு மரம், மரத்தில் ஓர் அணில். அணிலின் முதுகில் மூன்று கோடு. படுதாவுக்குப் பக்கத்துச் சுவரில், சந்தனம் காய்ந்து உதிர்ந்த அந்தச் சுவிட்ச் போர்டு.

அவள் நேராகப் போய், கையிலிருந்த பிளக்கை அந்த மூன்று ஓட்டைகளில் வைத்து ஒரே அழுத்து அழுத்தினாள். கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது.

"போவுது சார்!" என்று கத்தினாள். "அப்படியே போவுது!"

"ஐயோ, தொடாதீங்க!" தட்சிணாமூர்த்தி இருபத்திரண்டு வருஷ மின்வாரிய சர்வீஸையும் ஒரே தாவலில் காட்டினார். அறுத்த வயரின் மூன்று முனைகளும் செல்லியம்மாளின் உள்ளங்கையில் அம்மணமாகக் கிடந்தன. அவர் அவளை இழுத்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினார். "சுவிட்ச் ஆஃப்ல இருந்தது, பொழைச்சீங்க. இது நெஜமான சிகாகோ சுவரா இருந்திருந்தா சுவிட்சே இருந்திருக்காது. உங்க கதை முடிஞ்சிருக்கும்."

பனிப் படுதா ஆடியது. அதன் பின்னாலிருந்து, கையில் டீ டம்ளரோடு, முண்டா பனியனும் கைலியுமாக ஒருவன் வெளியே வந்தான்.

"அக்கா, என்ன சத்தம்?"

சிகாகோ மாப்பிள்ளை ராஜகோபால், நேரில் பார்த்தால் போட்டோவைவிட ஒல்லியாக இருந்தான்.

பிளக்கையும் செல்லியம்மாளையும் கண்டதும் அவன் ஓடவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, தேடி வந்தவர்கள் கண்டுபிடித்துவிட்டார்களே என்ற நிம்மதியோடு சோபாவில் உட்கார்ந்தான். அது அருள்மேரி எதிர்பாராதது.

"ரெண்டு வருஷம் முன்னாடி, ஏஜென்ட் ஒருத்தன் ஏர்போர்ட்டுக்கே டிக்கெட்டோட வரேன்னான். எங்க தெருவே மூணு வேன்ல வழியனுப்ப வந்தது. ஆளுக்கொரு மாலை. அம்மா அழுது, அண்ணன் எல்லாருக்கும் கூல் டிரிங்க்ஸ் வாங்கிக் குடுத்து... ஏஜென்ட் வரவே இல்ல. வேன் எல்லாம் போற வரைக்கும் ஒரு தூணுக்குப் பின்னாடி நின்னேன். எனக்கு முன்னாடியே அங்க இன்னொருத்தர் மாலையோட நின்னுக்கிட்டிருந்தார்."

"நான் அங்க வழியனுப்பு போட்டோ எடுக்கப் போனேன்," என்றார் ரத்தினபாய். "விமானம் போயிருச்சு, மாலை ரெண்டும் போகல. வாங்கடா சாப்பிடலாம்னு கூட்டியாந்தேன். இவன் பிரிண்ட் கழுவறான். அவன் படுதா வரையறான்."

"வீட்டுக்குப் போயிருக்கலாமே?" என்றார் தட்சிணாமூர்த்தி.

"மூணு வேன் சார்!" என்றான் ராஜகோபால். அதற்குமேல் விளக்கம் தேவையில்லை என்பதுபோல அவரைப் பார்த்தான்.

"அப்புறம் கல்யாணம் மட்டும் எப்படி வந்துச்சு?" அருள்மேரி கேட்டாள்.

"வேண்டாம்னு நாலு லெட்டர் எழுதினேங்க. பையன் வெக்கப்படறான்னு அண்ணன் தேதி வெச்சுட்டார். பாவம், அவருக்கு ஒண்ணும் தெரியாது. லெட்டர் வாங்கிட்டு வர்ற சிநேகிதருக்கு மட்டும்தான் தெரியும். உண்மையை எப்படியாவது சொல்லிடணும்னு தினம் நினைப்பேன். பேனாவை எடுத்தா பனி கொட்டுதுன்னுதான் வரும்." அவன் செல்லியம்மாள் பக்கம் திரும்பினான். "நீங்க சுவர்ல எத்தனை ஓட்டைன்னு கேட்டு எழுதியிருந்தீங்க. நிமிர்ந்து சுவரைப் பார்த்தேன். மூணு இருந்தது. எழுதிட்டேன். இந்த ரெண்டு வருஷத்துல நான் எழுதின உண்மை அது ஒண்ணுதாங்க."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன், காம்பை மட்டும் தானே எடுத்து வெளியே வைத்திருக்கிறான்! அருள்மேரிக்கு அவனைத் திட்ட வாய் வரவில்லை. அவள் கேட்க வேண்டிய கேள்வி வேறு ஒன்று இருந்தது.

"சவுரிமுத்துன்னு ஒருத்தர்..."

"கனடாவா?" என்றார் ரத்தினபாய் முறுக்கைக் கடித்தபடி. "சாப்பிடப் போயிருக்கு. பல்லாவரத்துல ஒரு மெஸ், மீன் கொழம்பு அங்க நல்லா இருக்குமாம். நாலரைக்குள்ள வந்துடும்."

குளிர் தாக்கக் கூடாதென்று அம்மா அங்கே உருகிக்கொண்டிருக்கிறாள். பிள்ளை மீன் குழம்புக்குப் பல்லாவரம் போயிருக்கிறான். அங்கேயே உட்கார்ந்து அவன் வந்ததும் அந்த ஸ்வெட்டராலேயே நாலு சாத்து சாத்த வேண்டும் போலிருந்தது அருள்மேரிக்கு. ஆனால் கடிகாரம் மூன்றரையைக் காட்டியது. காந்திமதியின் கவர் இன்னும் எங்கேயோ ஒரு மேஜையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

எதிரில் இருந்த மஞ்சள் பூத்திலிருந்து தட்சிணாமூர்த்தி அந்த அலுவலகத்துக்குப் போன் செய்தார். கேட்டார். ரிசீவரை வைத்தார். கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வர அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"ரெண்டு மணிக்கே லெட்டர் குடுத்துட்டுக் கிளம்பிட்டாங்களாம்."

செல்லியம்மாள் அப்படியே பூத் படியில் உட்கார்ந்தாள். அழவில்லை. "மூணு வாட்டி எழுதினா சார். மொத ரெண்டு வாட்டி பெயிலாயிட்டு, மூணாம் வாட்டி ராவும் பகலும் டொக்கு டொக்குன்னு பழகினா. தூங்க வுட மாட்டேன்றாளேன்னு நான் திட்டுவேன். அந்த வேலையை நானே புடுங்கிப் போட்டுட்டேனே." பிறகு எழுந்தாள். கைலியோடு நின்ற ராஜகோபாலின் கையைப் பிடித்தாள். "நட. அந்த ஆபீஸருக்கு முன்னாடி நீயே நின்னு சொல்லு. லெட்டரைத் திருப்பிக் குடுப்பாரா, மாட்டாரான்னு பாக்கறேன்."

பேன்ட் போட்டுக்கொள்ள மட்டும் அவனுக்கு அவகாசம் கிடைத்தது.

தாம்பரம் ரயிலடியில் நால்வரும் இறங்கித் தெருவைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள். துப்பறியும் நிலையத்துக்குக் கீழே, மருந்துக் கடை வாசலில், கையில் குடையோடு ஒரு பெண் நின்றிருந்தாள். மாநிறம், எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, தோளில் சாப்பாட்டுப் பை.

"காந்திமதி!" என்று செல்லியம்மாள் பாய்ந்தாள். "லெட்டரைக் குடுத்துட்டியாடி பாவி!"

"குடுத்துட்டேன்மா. மத்தியானம் அரை நாள் லீவு வேணும்னு எழுதி."

நடுத்தெருவில் யாரோ ஸ்கூட்டர் ஹாரன் அடித்தார்கள். நால்வரும் நகரவில்லை.

"ராஜினாமா?"

"அதை நான் டைப்பே பண்ணல." காந்திமதி, தட்சிணாமூர்த்தியைப் பார்த்துத் தயக்கமாகச் சிரித்தாள். "சார், சுவிட்சைப் பார்த்தீங்களா?"

தட்சிணாமூர்த்தி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"போட்டோ வந்த அன்னைக்கே. எங்க ஆபீஸ்ல அதே மாடல். தினம் சாயங்காலம் ஆஃப் பண்ணிட்டுத்தான் கிளம்புவேன். சிகாகோவுல எப்படி எங்க ஆபீஸ் சுவிட்ச்சுன்னு யோசிச்சேன். இவர் எங்க இருக்கார்னு எனக்குத் தெரியாது. அமெரிக்காவுல இல்லைன்னு மட்டும் தெரியும்."

"எங்களை எதுக்கும்மா அலைய விட்டீங்க? அம்மாகிட்டயே சொல்லியிருக்கலாமே!" என்றாள் அருள்மேரி.

"சொன்னேங்க. வேலையை விட மனசில்லாம கதை கட்டறன்னாங்க. எங்கம்மா மனுஷங்க சொன்னா நம்ப மாட்டாங்க. கிரைண்டர் ஓடாதுன்னு சொன்னா நம்புவாங்க. அதான், நம்ம பிளக் அங்க போகுமான்னு ஒரு கேள்வியை மட்டும் கிளப்பி விட்டேன். அப்புறம் பத்து நாள் அவங்களே துப்பறிஞ்சாங்க. கடைசி நாள் உங்ககிட்ட அனுப்பினேன்."

தன் பேரில் நடந்த துப்பறிதலில் தனக்குக் கிடைத்த பங்கு எவ்வளவு என்று தட்சிணாமூர்த்தி மனசுக்குள் கணக்குப் போடுவது அருள்மேரிக்குத் தெரிந்தது. பரிதாபமாக இருந்தது.

"வருத்தப்படாதீங்க சார்," என்றாள். "பொண்ணு சொன்னது அம்மா காதுல போகல. நடுவுல நம்மள மாட்டினாங்க, போயிடுச்சு. இந்த கேஸ்ல நாமதான் அடாப்டரு."

செல்லியம்மாள் மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அறையப் போகிறாள் என்றுதான் அருள்மேரி நினைத்தாள். அவளோ மகளின் தோளிலிருந்து சாப்பாட்டுப் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். "நாளைக்குக் காலைல எத்தினி மணிக்கு ஆபீஸு?" என்று மட்டும் கேட்டாள்.

"எப்பவும் போல பத்துக்குமா."

"சரி. லேட்டாப் போவாத."

ராஜகோபால் மெதுவாக ரயிலடிப் பக்கம் நழுவப் பார்த்தான்.

"எங்க போற? நில்லு." செல்லியம்மாள் முந்தானையிலிருந்து பிளக்கை எடுத்தாள். "கல்யாணம் கிடையாது, அது முடிஞ்சுது. ஆனா உங்க வூட்டு ஓட்டைல இது அப்படியே போவும்னு எழுதினியே, அத்த நான் பாக்கணும். வா, பொழிச்சலூருக்கு. உங்க வூட்லயே போட்டுப் பாப்போம்."

அவன் முகம் வெளுத்தது. "அம்மா, வழியனுப்ப மூணு வேன்ல வந்தாங்க..."

"வழியனுப்ப மூணு வேன் வந்துச்சு, சரி. கூட்டினு வர நான் ஒருத்தி போதாதா?"

அவள் முன்னால் நடந்தாள். ராஜகோபால் இரண்டு அடி தயங்கி, பிறகு பின்னாலேயே போனான். பல்லாவரம் வழியாகப் பொழிச்சலூர் போகிற பல்லவன் பஸ்ஸில் இருவரையும் ஏற்றிவிட்டு, காந்திமதியும் ஏறிக்கொண்டாள்.

தட்சிணாமூர்த்தி மாடிப்படியில் கால் வைத்துவிட்டுத் திரும்பினார். அருள்மேரி ஏறாமல் நின்றாள். அவள் பைக்குள் சட்டமில்லாத அந்தப் போட்டோ இருந்தது.

"சார், எனக்கும் அரை நாள் லீவு வேணும்."

"எங்க?"

"கனடா வரைக்கும். நாலு நாப்பதுக்கு ஒரு வண்டி கீது."

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "எப்ப திரும்புவே?"

"எங்கம்மா மெழுகுவத்தி ஏத்தறதுக்குள்ள," என்றாள் அருள்மேரி. "ரெண்டு பேரா."